தேம்பாவணியில் வீடும் விருந்தும்

1. முன்னுரை

தமிழில் 'வீடு' என்னும் ஒரு சொல் இரு பொருள் தந்து நிற்கின்றது. மனைவியும் மக்களும் சுற்றமும் கூடி வாழும் மனையும் வீடு. உயிர் பற்றுகளினின்று நீங்கிப் பெறும் விடுதலையும் வீடு. முன்னது சுவரும் கூரையும் உடையது. பின்னது எல்லை யாதும் இல்லாதது. முன்னதில் வாழ்ந்துகொண்டே பின்னதை அடைதல் கூடுமா என்பது தமிழ் அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பிவந்த வினாவாகும். வள்ளுவர் இல்லறவியலை முன்னும் துறவறவியலைப் பின்னும் வைத்தார். இல்லறவியலின் நடுவே விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, மனையிலிருந்து பொருள் காத்து வாழ்வதன் பயனே விருந்தோம்பி உதவுவதுதான் என்று அதனைத் தொடங்கினார். வந்தவரைப் பேணி இனி வருபவரை எதிர்நோக்கியிருப்பவன் வானுலகத்தாருக்குத் தானே விருந்தாவான் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. இம்மை வீட்டிற்கும் மறுமை வீட்டிற்கும் இடையே உள்ள வாயிலாக விருந்தோம்பலை வள்ளுவர் கண்டார் எனலாம்.

கிறித்தவ சமயத்தைப் பொருளாகக் கொண்டு தமிழில் எழுந்த காவியங்களுள் தலையாயது வீரமாமுனிவரின் தேம்பாவணி. கி.பி. 1726 இல் இயற்றப்பட்ட இந்நூல் மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் உடையது. இந்நூலைப் பற்றி எழுதியோர் பலர், இத்தாலி நாட்டில் பிறந்த ஒருவர் தமிழில் பெருங்காவியம் செய்த அருமையையே வியந்தனர். சிந்தாமணியின் சாயலும் கம்பன் சாயலும் எங்கெங்கு உள்ளன என எடுத்துக் காட்டினர். அவை வேண்டுவனவே. ஆயினும், கைத்தொழில் செய்து உண்ட தச்சன் ஒருவனைத் தலைவனாக்கி, அவனுடைய இல்வாழ்க்கையையே காவியப் பொருளாகக் கொண்ட துணிவு அதற்குரிய அளவில் போற்றப்படவில்லை என்றே கூறல் வேண்டும்.

தேம்பாவணி காட்டும் சமய வாழ்வின் உயிர்நிலை, வருவோரை ஏற்றுக்கொள்ளும் எளிய வீடு ஒன்றில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வீட்டின் வளம் விளைச்சலால் அளக்கப்படுவதன்று. வீரமாமுனிவர் தம் தமிழ்நாட்டுப் பணியின் தொடக்கக் காலத்தில் வாழ்ந்த கரிசல் நிலத்தில் நின்று நோக்கும்போது, இக்கருத்தில் காவியம் எய்திய வெற்றியும், எய்தாது விட்ட குறையும் ஒருங்கே விளங்கும்.

2. காவியமும் கரிசலும்

கான்சுதான்சோ யோசேப்பு பெசுகி என்னும் இயற்பெயர் உடைய வீரமாமுனிவர் கி.பி. 1680 இல் இத்தாலியின் காசுதில்லியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, கி.பி. 1710 இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டில் மதுரை மறைபணித் தளத்தில் சேர்ந்தார். அவர்தம் தொடக்கக்காலப் பணியிடங்களுள் ஒன்று கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி. எட்டயபுரம் பாளையத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்றும் பரலோக மாதா ஆலயத்தால் பெயர் பெற்று விளங்குகின்றது. ஆகத்து 15 ஆம் நாள் பெருவிழாவிற்குக் கரிசல் ஊர்களிலிருந்து பல சமயத்தாரும் அங்குத் திரள்வர்.

கரிசல் மண்ணின் இயல்பை அறியாதார்க்கு ஒரு சொல். அந்நிலம் ஆற்றை அறியாதது, மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழை உரிய காலத்தில் பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும். பொய்த்தால் மண்ணில் இட்ட விதையும் மீளாது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் நடப்பவர் காலைப் பற்றிக்கொண்டு விடாது. நடையாகச் செல்வார்க்கு நிழலும் நீரும் அரிய. அத்தகைய வழியில் தொலைவினின்று வந்த ஒருவர்க்கு வாயிலில் நீர் தருதல் அங்கு உயிர்காக்கும் செயலாகும்.

இதனால், தேம்பாவணி கரிசலில் பிறந்த காவியம் என்று யாம் கூறவில்லை. முனிவர் பின்னர்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தது கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில். அவ்வூரையே திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் போற்றினார். காவியத்தின் கதைப்பகுதிகள் பலவும் இசுபானிய நாட்டு ஆகிரேதா நகரத்துக் கன்னித் துறவி மரியாள் எழுதிய நூலைத் தழுவியன. நாட்டுப் படலத்தில் யூதேய நாடு கரிசலைப் போலவும் இல்லை. விவிலியத்தின் யூதேயாவைப் போலவும் இல்லை. கடல்நீர் உண்ட முகில் மலையில் பொழிய, வெள்ளம் பெருகி, வயல் நிறைந்து, பூவும் புள்ளும் பொலியும் மருத நாடாக அது காட்சி தருகின்றது. இது காவிய மரபு. திருத்தக்கதேவரின் ஏமாங்கதமும் கம்பனின் கோசலமும் சென்ற வழியில் வீரமாமுனிவரின் யூதேயாவும் சென்றது.

ஆனால் மரபு ஒரு விலை கேட்கும். மருத நாட்டில் விருந்தோம்புதல் எளிது. மிகுந்த பொருளில் ஒரு கூறு வாயிலைக் கடந்து செல்கின்றது. கொடுத்தவன் வீட்டில் குறைவு ஏதும் தோன்றுவதில்லை. நாட்டுப் படலத்தின் கொடையும் அத்தகையதே. கதை வறுமையுள் இறங்கும்போதுதான் விருந்தோம்பலின் உண்மைப் பொருள் காவியத்தில் புலனாகின்றது.

3. வளன் என்னும் பெயர்

காவியத் தலைவனுக்கு முனிவர் இட்ட பெயர் வளன். சூசை என வழங்கும் எபிரேயப் பெயர், பெருகுதல் என்னும் பொருள் தருவது. அப்பொருளை நோக்கியே வளன் என்னும் தமிழ்ப்பெயர் அமைக்கப்பட்டது. இப்பெயரில் அரிய முரண் ஒன்று உள்ளது. வளம் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கியவன், உளியும் வாளும் கொண்டு நாட்கூலிக்கு உழைக்கும் தச்சன். தாவீது அரசன் வழியில் வந்தவனே எனினும் அவனுக்கு முடியும் இல்லை, படையும் இல்லை, நாடும் இல்லை.

தமிழ்க் காவியத் தலைவரொடு இவனை ஒப்பிடுக. சீவகன் அரசன், இராமன் அரசன். கோவலன் அரசன் அல்லனாயினும் பெருநிதிக் கிழவனாகிய வணிகன் மகன். இவர்கள் வாழ்வில் விருந்தோம்பல் பெரும்பாலும் இழந்தபோதே நினைக்கப்படுகின்றது. கொலைக்களக் காதையில் கண்ணகி கணவனிடம், பிரிந்திருந்த காலத்தில் அறவோரையும் துறவோரையும் பேணும் பேற்றையும் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் தான் இழந்ததைச் சொல்கின்றாள். அசோகவனத்துச் சீதை, தான் அருகில் இல்லாதபோது விருந்தினர் வரக்கண்டால் இராமன் உள்ளம் என்ன பாடுபடுமோ என்று வருந்துகின்றாள். கணவனைப் பிரிந்த துயரின் நடுவே இருவரும் விருந்தை நினைத்தனர் என்பது தமிழ் உள்ளத்தின் ஒரு சிறப்பியல்பு. எனினும் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இருவர்க்கும் விருந்தோம்பல் என்பது கணவனும் மனையும் செல்வமும் ஒருங்கமைந்த காலத்துச் செயல். மனை இழந்தால் அதுவும் போகும்.

தேம்பாவணியில் நிலைமை வேறு. வளனும் மரியன்னையும் இழப்பதற்குப் பெருஞ்செல்வம் உடையவரல்லர். நாட்டை விட்டு நீங்கும்போதும் அவர்தம் இல்லறம் அவரோடு செல்கின்றது. மனை இருந்த இடம் மாறினும் ஏற்கும் பண்பு மாறவில்லை. காவியத்தின் புதுமை இதுவே.

4. ஈரறமும் ஓர் ஐயமும்

காவியத்தின் முதற்காண்டத்துள் திருமணப் படலத்தை அடுத்து நிற்பது ஈரறம் பொருத்து படலம். படலத்தின் பெயரே ஒரு கொள்கையாக அமைந்துள்ளது. இல்லறம், துறவறம் என்னும் இரண்டனையும் ஒரு கூரையின்கீழ் ஒருங்கு பொருத்துதல் என்பது அதன் கருத்து. வளனும் மரியன்னையும் கன்னி நோன்பைக் காத்தவாறே இல்லறம் நடத்துகின்றனர். மூலக்கதை மேலைநாட்டதாயினும், இல்லறம் துறவறம் எனப் பகுத்து அவற்றைப் பொருத்தும் சொல்லாட்சி முழுதும் தமிழ் அறநூல் மரபினது. முனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். விருந்தோம்பல் அதிகாரத்தைத் தம் தாய்மொழிக் குடும்பத்தைச் சார்ந்த மொழியொன்றில் சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்த ஒருவர், வளனுடைய மனையைப் பாடும்போது அதனை மறந்திருத்தல் இயலாது.

ஈண்டு ஒரு தடை எழும். இஃது இல்லறமா, இல்லறப் போர்வையில் உள்ள துறவறமா? நோன்பாற்றும் இருவர் ஒரு மனையில் வாழ்ந்தனர் என்பதால், பசியும் பகையும் பிள்ளைகளின் நோயும் கடன் சுமையும் கொண்ட எளிய குடும்பத்தார்க்கு அது வழிகாட்டியாகுமா? இவ்வாறு கேட்பார் கூற்றில் உண்மை உண்டு. இத்தம்பதியரின் புனிதத்தை முனிவர் உயர்த்த உயர்த்த, அவர்தம் அடுப்படி நம் கண்ணுக்கு எட்டாத உயரம் சென்றுவிடுகின்றது என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும், கதை இத்தடைக்கு ஒரு விடை தருகின்றது. ஈரறம் பொருத்து படலத்தின் பின்னரே வளனுடைய உள்ளத்தில் ஐயம் தோன்றுவதும் அவ்வையம் நீங்குவதும் இரு படலங்களில் விரிக்கப்படுகின்றன. மனைவி கருவுற்றிருத்தலை அறிந்த கணவன் படும் துயர் எவ்வூர்க் குடும்பத்தாரும் உணரக்கூடிய துயர். விட்டு நீங்குவதா, ஏற்பதா என்பதே அவன்முன் உள்ள வினா. வானவன் உரையால் தெளிந்த அவன் ஏற்கின்றான். தன் குருதியில் தோன்றாத குழந்தைக்குத் தன் பெயரும் தன் உழைப்பும் தன் கூரையும் தருகின்றான். ஆகவே, வளன் மனைக்கு வந்த முதல் விருந்தினர் பிறக்கவிருக்கும் குழந்தையே எனல் பொருந்தும்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறும்போது புதிதாகப் புனைவதையே அச்சொல்லால் குறித்தார். அறிந்தவர்க்கு உணவிடுதல் உறவு. அறியாத புதியவர்க்கு இடந்தருதல் விருந்து. இந்நோக்கில் வளனின் தந்தைமையே ஒரு விருந்தோம்பல் ஆகின்றது. நோன்பால் அவன் பிறரினின்று வேறுபடினும், எதிர்பாராது வந்ததை ஏற்றல் என்னும் ஒன்றினால் எல்லா இல்லறத்தார்க்கும் இனமாகின்றான். எவ்வீட்டிற்குப் பிறக்கும் குழந்தையும் அவ்வீட்டார் அறியாத புதியவரே அன்றோ?

5. விருந்தினராகும் வீட்டார்

விருந்தோம்பல் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், விருந்தினர் இரு வகையர் என்றார். முன்பே அறிமுகம் உடைமையால் இவ்விடம் எனக் குறித்து வருபவர் ஒரு வகையர். அவ்வறிமுகம் இன்றி வருபவர் மற்றொரு வகையர். தேம்பாவணியின் கதை இவ்விரண்டாம் வகையினரின் கதை. பெத்லகேமில் தங்க இடம் பெறாது ஊர்ப்புறத்துக் கால்நடைக் கொட்டிலை அடைகின்றனர். தாம் பிறந்த குலத்தின் ஊரிலேயே அவர்க்குக் கதவு திறக்கவில்லை. பின்னர் ஏரோது மன்னனின் கொடுமைக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு பாலை கடந்து எகிப்து செல்கின்றனர். மொழி வேறு, சமயம் வேறு, தெய்வம் வேறு உடைய நாட்டில் அயலவராக வாழ்ந்து தொழில் செய்து உண்கின்றனர்.

ஆனால், இடமில்லை என்று விடப்பட்ட அக்குடும்பம் தன்னிடம் வந்தவரை விடவில்லை. கொட்டிலுக்கு ஆயர் வந்தனர். கீழ்த்திசை ஞானியரும் வந்தனர். இரவல் இடத்திலிருந்தே விருந்து எதிர்கொள்ளப்பட்டது. விருந்தோம்பலுக்குச் சொந்த மனையும் வேண்டுவதில்லை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குல மாதரி தந்த சிறுமனையில் கண்ணகி சோறு சமைத்துக் கணவற்குப் படைத்த காட்சி இங்கு நினைவிற்கு வரும். அங்கு ஆயர் இடந்தந்தனர்; இங்கு ஆயர் இரவலிடத்திற்கு விருந்தாக வந்தனர்.

கரிசல் நாட்டார்க்கு இக்கதை அயலதன்று. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976 இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' அம்மண்ணின் குடியேற்றக் கதையைக் கூறும் நாவல். தெலுங்கு நாட்டில் தம் குலப்பெண்ணின் மானம் காக்க ஊரை விட்டு ஓடிவந்தவர் காடு திருத்திக் குடியேறிய வரலாறு அது. அந்நாவல் கிறித்தவக் கதையன்று. ஆனால் அதிகாரத்திற்கு அஞ்சி இரவில் புறப்படல், வழிநடைத் துயர், அறியாத நிலத்தில் அடுப்பு மூட்டல் என்னும் கூறுகளில் எகிப்துப் பயணத்தோடு அது நெருங்கி நிற்கின்றது. தாமே ஒருகாலத்தில் அறிமுகமின்றி வந்தவர் என்னும் நினைவே அறிமுகமின்றி வருவாரை ஏற்பதற்கு அடிப்படை. எகிப்தில் அயலாராய் இருந்ததை நினைந்து அயலாரிடம் அன்பு செய்க என இசுரவேலர்க்கு மோசே விதித்ததும் இக்கருத்தே.

6. விதையும் விருந்தும்

விருந்தோம்பிய பின் எஞ்சியதை உண்பவனுடைய நிலத்திற்கு விதையும் இடவேண்டுமோ என வள்ளுவர் ஒரு குறளில் வினவுகின்றார். மருத நிலத்தார்க்கு இஃது அழகிய உயர்வு நவிற்சி. மானாவாரி நிலத்தார்க்கோ உயிரைத் தொடும் வினா. விதையை உண்டவனுக்கு அடுத்த ஆண்டு இல்லை.

இவ்வினாவைத் தமிழிலக்கியம் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டுள்ளது. புறநானூற்றின் 333 ஆம் பாட்டில், புன்செய்ச் சிற்றூரில் வந்தவர்க்குத் தர வேறு தானியம் இல்லாத நிலையில், விதைக்கென வைத்த தினையை மனையாள் உரலில் இட்டுக் குற்றுகின்றாள். பெரிய புராணத்து இளையான்குடி மாறனார், மழை பெய்யும் நள்ளிரவில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்து, வந்த அடியார்க்கு மனைவியார் அமுதாக்கத் தருகின்றார். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், மழை பொய்த்த காலத்தில், ஒருபிடி மாவும் சிறிது எண்ணெயும் மட்டுமே உடைய சாரிபாத்துக் கைம்பெண், அதனை உண்டு மகனோடு இறப்போம் என்றிருந்த வேளையில் எலியா இறைவாக்கினர்க்கு முதலில் அப்பம் சுட்டுத் தருகின்றாள். நிலமும் சமயமும் காலமும் வேறு. ஆயினும் மூன்று வீட்டிலும் கடைசிப் பிடியே விருந்தாகின்றது. மூன்றிடத்தும் அடுப்படியில் நிற்பவள் பெண் என்பதும் மறத்தற்குரியதன்று.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் தேம்பாவணியின் குறை ஒன்று தெரிகின்றது. கதையளவில் முனிவர் வறுமையைத் தேர்ந்தார். சொல்லளவில் அவ்வறுமையில் நெடிது தங்கவில்லை. வளனின் பட்டறையில் உளியின் ஓசையினும் அணியின் ஓசையே மிகுதியாகக் கேட்கின்றது. மரியன்னையின் புகழ் விரிந்த அளவிற்கு, அவர்தம் அடுப்பும் பானையும் நம் கண்முன் வரவில்லை. புறநானூற்றுப் புலவர் ஓர் உரலை மட்டும் காட்டிப் பெற்ற வெற்றியைத் தேம்பாவணி தன் பல பாடல்களாலும் பெறவில்லை. காவிய மரபு தலைவனுக்குப் பெருமை சேர்த்தது. அம்மரபே அவனுடைய எளிமையை மறைக்கவும் செய்தது. இதனை முனிவரின் குறை என்பதினும் அக்காலத்துக் காவிய இலக்கணத்தின் குறை என்பதே நேரிது.

7. வழியும் வீடும்

தேம்பாவணியின் தனித்தன்மையை மற்றொரு கிறித்தவக் காவியத்தோடு ஒப்பிடும்போது நன்கு காணலாம். நெல்லை நாட்டுக் கரையிருப்பில் 1827 இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858 இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் நூலாக வெளிவந்தது. ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட திருப்பயணக் கதையின் முதற்பாகம் அதற்கு முதல்நூல். அக்கதையின் தலைவன் தன் உயிரை மீட்கும்பொருட்டு மனைவியையும் மக்களையும் விட்டு ஓடுகின்றான். அவர்கள் அழைக்கும் குரல் கேளாதிருக்கக் காதுகளைப் பொத்திக்கொள்கின்றான். வீடுபேற்றிற்காக வீட்டை விடுதல் அது. இதன் பத்தியுணர்ச்சியின் உருக்கம் ஒப்பற்றது. எனினும் இங்கு வீடு என்பது தடை. வழி என்பதே மீட்பு.

பனியனும் இதனை உணர்ந்தார் போலும். 1684 இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் அம்மனைவியும் மக்களும் பயணம் புறப்படுகின்றனர். அப்பாகத்தில் விருந்தளிக்கும் இல்லங்களும் உண்டு பேசி இளைப்பாறும் இடங்களும் சிறக்கின்றன. தனியொருவனின் ஓட்டமாகத் தொடங்கிய கதை, குடும்பத்தின் நடையாக முடிகின்றது.

தேம்பாவணியில் இவ்விரண்டிற்கும் இடையே பிளவு இல்லை. அங்கும் நெடும்பயணம் உண்டு. ஆனால் வீடே வழிநடக்கின்றது. மனைவியும் குழந்தையும் சுமையாகாது பயணத்தின் காரணமாகவே அமைகின்றனர். குடும்பத்தாரைக் கிறித்தவ அறத்திற்கு உரியவராகக் கொள்ளும் நோக்கில் வீரமாமுனிவரின் துறவுக் காவியம், இல்லறத்தாராகிய கிருட்டிணப் பிள்ளையின் காவியத்தினும் ஓரடி முன்னே நிற்பது வியப்பிற்குரியது.

8. பானையும் பந்தியும்

காவியம் காட்டாத அடுப்படியை மக்கள் வழக்கம் காட்டுகின்றது. குருமார் சிலரே இருந்து ஊர்கள் பலவாயிருந்த காலத்தில், ஆண்டில் சில நாள்களே குருவைக் காணும் சிற்றூர்களில் சமயம் வாழ்ந்த இடம் வீடுதான். அவ்வூர்களில் மறை கற்பித்த வேதியர்கள் பெரும்பாலும் இல்லறத்தார். அவர்பொருட்டு முனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். போதிப்பவனுடைய நடையே முதற்போதனை என்னும் எண்ணம் அந்நூலின் அடிப்படை.

நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்துக் கிறித்தவ மனைகளில் வழங்கிய பிடியரிசி வழக்கம் ஈண்டுக் குறிக்கத்தக்கது. உலைக்கு அரிசி அளந்தபின், அளந்ததிலிருந்தே ஒருபிடியை எடுத்து வேறு கலயத்தில் இடுவர். நிறைந்தபின் அது திருச்சபைக்கோ ஏழையர்க்கோ செல்லும். யான் சிறுவனாய் இருந்தபோது கரிசலூர் ஒன்றில் எம் பாட்டியார் இதனைச் செய்யக் கண்டிருக்கின்றேன். அரிசி அரிதாகிக் கம்பும் சோளமும் உலையேறிய நாள்களில் கம்பும் சோளமும் அக்கலயத்தில் விழுந்தன. 'மிஞ்சினால் போடலாமே' என்று ஒருநாள் கேட்டேன். 'மிஞ்சினதைக் கோழிக்குப் போடு' என்றார். விருந்தோம்பல் அதிகாரத்தைப் பின்னாளில் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அவ்விடையே எனக்கு உரையாக அமைந்துவந்துள்ளது.

இவ்வட்டாரத்துத் திருவிழாக்களில் வழங்கும் மற்றொரு சொல் அசனம். உணவு என்னும் பொருளுடைய அவ்வட சொல், இங்கு ஊர் கூடி உண்ணும் பொதுவிருந்தைக் குறிக்கும். நேர்ந்துகொண்டவர் சோறும் குழம்பும் ஆக்கி, வந்தவர் யாவர்க்கும் இடுவர். உயிர்த்தெழுந்த இயேசுவை எம்மாவு ஊர் சென்ற சீடர் இருவர் வழியெல்லாம் அறியாதிருந்து, தம்மோடு தங்குமாறு வற்புறுத்தி அழைத்துப் பந்தியில் அமர்த்தியபின், அவர் அப்பம் பிட்கும்போது அறிந்துகொண்டனர் என்று லூக்கா எழுதிய நற்செய்தி கூறுகின்றது. மறைநூல் விளக்கத்தால் திறவாத கண் பந்தியில் திறந்தது. அசனம் என்னும் வழக்கத்தின் உட்பொருளும் இதுவாகவே இருத்தல் வேண்டும்.

9. கதவும் சுவரும்

பந்தியில் யார் அமர்ந்தனர் என்னும் வினாவை இனி ஒதுக்குதல் இயலாது. கரிசலுக்குத் தெற்கே, நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள வடக்கன்குளத்தில் ஓர் ஆலயம் உண்டு. தேம்பாவணி பாடிய அதே குடும்பத்தின் பெயரால், திருக்குடும்ப ஆலயம் என வழங்குவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டபோது அதனுள் இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது வழிபடும்படி இரு கூடங்கள் அமைந்து, இடையே சுவர் நின்றது. 1910 இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதனையொட்டிப் பெரும்பூசல் எழுந்தது. இடமில்லை என்று பெத்லகேமில் விலக்கப்பட்ட குடும்பத்தின் ஆலயத்திற்குள்ளேயே இடம் பகுக்கப்பட்டது என்பதைக் காவியப் பயிற்சியுடையார் எவ்வாறு படிப்பர்?

சுவர் கல்லால் மட்டும் ஆவதன்று. கரிசல் வட்டாரத்தை ஒட்டிய சிற்றூரில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பாமா 1992 இல் வெளியிட்ட 'கருக்கு', உணவு கொடுக்கப்படும் முறையிலேயே இழிவு கொடுக்கப்படுவதைக் காட்டுகின்றது. நிலவுடைமை வீட்டில் வேலை செய்யும் பாட்டிக்குத் தண்ணீர் உயரத்திலிருந்து ஊற்றப்படுகின்றது. மிஞ்சிய சோறு தள்ளி நின்று இடப்படுகின்றது. திருச்சபைக்குள்ளும் வேற்றுமை தொடர்ந்ததை அந்நூல் மறைக்கவில்லை. முகர்ந்தால் வாடும் அனிச்சப் பூவினும் மென்மையாக, முகம் வேறுபட்டு நோக்கிய அளவில் விருந்தினர் உள்ளம் வாடும் என்றார் வள்ளுவர். சோறு இட்டதனால் மட்டும் விருந்து ஆகிவிடாது என்பது அதன் கருத்து. இடுதல் வேறு, ஏற்றல் வேறு. இடுபவன் தன்னை மேலே வைக்கின்றான். ஏற்பவன் வந்தவனைத் தனக்கு நிகராக அமர்த்துகின்றான். எம் பாட்டியாரின் கலயத்திலும் இவ்வினா இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளுதல் கடன். அதில் விழுந்த பிடி எல்லாத் தெருவிற்கும் சென்றது. எல்லாத் தெருவினரும் எம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து உண்டனர் என்று என்னால் எழுத இயலவில்லை.

அயலவனாய் வந்தேன், ஏற்றீர்களா என்பதே இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் வினா என மத்தேயு எழுதிய நற்செய்தி கூறும். எவ்வளவு இட்டீர்கள் என்பது அங்குக் கேட்கப்படவில்லை. ஈரறம் பொருத்திய வளனைப் பாடிப் போற்றிய சமுதாயம், அறிமுகமின்றி வருபவரை ஏற்கும் அவனுடைய அறத்தைச் சாதி எல்லை வரையில் மட்டும் பின்பற்றியது. இக்குறை கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் பாடிய தமிழர் அனைவர்க்கும் உரியது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். தேம்பாவணி, அரசரையும் வீரரையும் விடுத்து உழைக்கும் இல்லறத்தானைத் தலைவனாக்கியதால், சமய வாழ்வின் களத்தை மனைக்கு மாற்றியது. அம்மனையின் முதல் அறம், எதிர்பாராது வந்ததை ஏற்றல். வளன் என்னும் பெயரின் வளம், நாட்டுப் படலத்தின் வெள்ளத்தில் இல்லை. குருதி உறவற்ற குழந்தைக்குத் திறந்த கதவில் உள்ளது. காவிய மரபின் அணிகள் அக்கதவைச் சிலவிடங்களில் மறைத்தன. மக்களின் பிடியரிசிக் கலயமும் அசனப் பந்தியும் அதனைத் திறந்து காட்டின. சாதிச் சுவர் அதனை மீண்டும் அடைத்தது.

தேம்பாவணியை இனிக் கற்பிப்போர் அதன் யாப்பையும் அணியையும் கற்பிப்பதோடு நில்லாது, ஈரறம் பொருத்து படலத்தையும் அதனையடுத்த ஐயப் படலங்களையும் விருந்தோம்பல் அதிகாரத்தோடும் கருக்கு நூலோடும் ஒருசேர வைத்துக் கற்பித்தல் நன்று. காமநாயக்கன்பட்டிக்கு முதன்முறை நடந்து சென்றபோது வீரமாமுனிவர் அந்நிலத்திற்கு அயலவர். மொழியும் உணவும் அறியாதவர். யாரோ ஒருவர் வீட்டு வாயிலில் நீர் பெற்றே அவர் தமிழ் கற்றிருத்தல் வேண்டும். அவ்வாயில்களின் பெயர் எந்நூலிலும் இல்லை. ஆயினும் தமிழுக்குத் தேம்பாவணியைத் தந்தவருள் அவ்வீட்டாரும் அடங்குவர்.